பனிச்சறுக்குச் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாக வாங்காதீர்கள்

சுவிற்சர்லாந்தில் பெப்ரவரி மாதப் பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், பிள்ளைகளைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் சிலர் சப்பாத்துகளை என்னிடம் கொண்டுவந்து, சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தரும்படி கேட்பது வழக்கம். நான் பயிற்றுநர் அல்லேன். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு விழுந்து எழும்பிப் பழகி, பின்னர் சில குளிர்காலங்களில் வாடகைக் கடையொன்றில் வார இறுதிகளில் சப்பாத்துப் பொருத்திக் கொடுத்தவன். சென்ற கிழமை வந்த தகப்பனார் ஒருவர், மகனுடைய சப்பாத்தின் கொளுக்கிகள் எல்லாவற்றையும் கடைசிப் பல் வரை இழுத்துப் பூட்டிவிட்டு, "இப்ப ஆடாதுதானே அண்ணை?" என்று கேட்டார். உள்ளே கால் நன்றாக ஆடியது. நானும் ஒரு காலத்தில் இதையே செய்தவன் என்பதால், சப்பாத்து விடயத்தில் நாம் விடும் தவறுகள் பற்றி அவரிடம் சொன்னவற்றைச் சற்று விரித்து எழுதுகிறேன். இடது வலது மாற்றிப் போடுவது, அடியில் ஒட்டிய பனியைத் தட்டாமல் பலகையில் ஏறுவது போன்றவற்றை மலையே ஒரு நாளில் திருத்திவிடும். அவை இங்கே வேண்டாம்.

வீதிச் சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்லி வாங்குவது

என் முதல் சப்பாத்தை வாங்கிய கடையில், என் பாதத்தை எவரும் அளக்கவில்லை. "என்ன இலக்கம் போடுகிறீர்கள்?" என்று விற்பனையாளர் கேட்டார், 43 என்றேன், அவர் 27.5 கொண்டுவந்தார். விரல்கள் முன்சுவரில் முட்டுகின்றன என்று நான் முகம் சுளித்ததும், ஒரு சொல்லும் பேசாமல் 28.5ஐ எடுத்துத் தந்தார். அதற்குள் விரல்களைத் தாராளமாக அசைக்க முடிந்தது. கடைக்குள் நான்கு முறை நடந்து பார்த்தேன். மெத்தையில் நடப்பதுபோல் இருந்தது. ஐந்நூறு பிராங்குக்கு மேல் கொடுத்து, நல்ல பொருள் வாங்கிய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். என் பாதத்தின் உண்மையான நீளம் 26.4 சென்ரிமீற்றர். அதை அறிய எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் தேவைப்பட்டது என்பதும், அளவுநாடாவை எடுத்து வைக்க அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிராது என்பதும் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் விடயங்கள்.

பனிச்சறுக்குச் சப்பாத்தின் இலக்கம் பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வது. அதற்கு மொண்டோபாயின்ற் என்று பெயர். 26.5 என்றால் 26.5 சென்ரிமீற்றர் நீளமுள்ள பாதத்துக்கு உரியது. வீதியில் போடும் சப்பாத்தின் 42, 43 ஆகியவற்றுக்கும் அதற்கும் நேரான உறவு இல்லை. குதிகாலைச் சுவரோடு ஒட்டி, உடற்பாரம் முழுவதையும் அந்தக் காலில் வைத்து நின்று, மிக நீண்ட விரலின் நுனி வரை அளக்க வேண்டும். இருந்துகொண்டு அளந்தால் பாதம் சில மில்லிமீற்றர் குறுகித் தெரியும். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அவை ஒரே அளவில் இருப்பதில்லை.

இன்னொன்றையும் கடைகளில் விளக்கிச் சொல்வது குறைவு. பெரும்பாலான தயாரிப்புகளில் 26, 26.5 ஆகிய இரண்டுக்கும் கடினமான பிளாஸ்ரிக் வெளி ஓடு ஒன்றே. உள்ளே வைக்கும் தகட்டிலோ, ஓட்டுக்குள் இருக்கும் மெத்தையான உள்ளுறையிலோதான் சிறு வேறுபாடு இருக்கும். ஆகவே "அரை அளவு கூட்டித் தாருங்கள்" என்று கேட்கும்போது சில வேளை எதுவுமே மாறுவதில்லை, சில வேளை அடுத்த ஓட்டுக்கே தாவிவிடுகிறோம். நான் என் அளவிலிருந்து இரண்டு ஓடு தாண்டிப் போயிருந்தேன்.

மலையில் நடந்தது இதுதான். சரிவில் இறங்கத் தொடங்கியதும் குதிகால் மேலெழும்பியது. அதை அடக்குவதற்காகப் பாதத்தின் மேற்புறத்தில் உள்ள கொளுக்கிகளை இன்னும் இரண்டு பல் இறுக்கினேன். அந்த இடத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தசை அதிகம் இல்லாமல் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. அவை நசுங்கவே, அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போயின. மரத்ததைக் குளிர் என்று நினைத்து, மறுநாள் இரண்டாவது காலுறையையும் போட்டேன். திருப்பங்களில் நிலைமை இன்னும் மோசம். முழங்காலை மடித்துக் கணைக்காலின் முன்பக்கத்தால் சப்பாத்தின் நாக்கை அழுத்தினால், அந்த அழுத்தம் உடனே பலகையின் முன்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். பாதத்தை ஒரு பக்கம் சரித்தால் பலகையின் விளிம்பு அந்தக் கணமே பனியைக் கடிக்க வேண்டும். பெரிய சப்பாத்துக்குள் கால் முதலில் தன்பாட்டில் அசைந்து, ஓட்டில் போய் முட்டிய பிறகுதான் சப்பாத்து அசையும். அந்தச் சிறு தாமதத்தை என் பயமாகவும் என் வயதாகவும் கணக்கிட்டுக்கொண்டு, இரண்டு மாதம் பயிற்சிக்குக் காசு கட்டினேன்.

மூன்றாவது வார இறுதியில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்தன. சப்பாத்து சிறிதாகிவிட்டது என்று முடிவு செய்து 29.5 தேடத் தொடங்கினேன்! வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு தரமும் பாதம் முன்னுக்கு வழுக்கிப் போய் முன்சுவரில் இடித்ததால்தான் நகம் கறுத்தது என்பதும், இடம் மிஞ்சியிருந்ததே அதற்குக் காரணம் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காலமாக, மதிய உணவு மேசையில் எதிரே இருந்த வயதான பயிற்றுநர் ஒருவர் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்; லைனர் எனப்படும் உள்ளுறையை உருவி எடுத்தார்; வெறும் ஓட்டுக்குள் காலை வைத்து, விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொடும்படி நிற்கச் சொன்னார்; குதிகாலுக்குப் பின்னால் கையை விட்டார். மூன்று விரல்கள் தடையின்றிப் போயின. அவர் எதுவும் சொல்லாமல் கையை வெளியே எடுத்துச் சூப்பைக் குடிக்கத் தொடங்கினார்.

அந்தச் சோதனையைத்தான் நான் இன்றுவரை எல்லோருக்கும் செய்து பார்க்கிறேன். குதிகாலுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை இருந்தால் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். போட்டியில் ஓடுபவர்கள் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டரைக்கு மேல் இருந்தால் எந்தக் கொளுக்கியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பிறகு உள்ளுறையைத் திரும்ப வைத்து, பூட்டி, நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்னால் தொடத்தான் வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடித்ததும் குதிகால் பின்னால் போய் அமர்ந்து விரல்கள் சற்று விடுபடும். நிமிர்ந்து நிற்கும் நிலையில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்குச் சரியான அளவு எப்போதும் சிறிதாகவே படும். போதாததற்கு, உள்ளுறை பாவிக்கப் பாவிக்க அமுங்கி இடம் விடும் பொருள். கடையில் மெத்தையாக இருந்தது, பத்து நாள் கழித்துத் தொளதொளக்கும்.

பிள்ளைகள் விடயத்தில் நமக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பாடசாலைச் சீருடையை வளர்த்திக்கு என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைத்த தாய்மாரிடம் வளர்ந்தவர்கள் நாம். அடுத்த வருடமும் பாவிக்கட்டும் என்று சப்பாத்தையும் அப்படியே வாங்குகிறோம். வளரும் காலுக்கு ஓட்டுச் சோதனையில் இரண்டு விரல் இடைவெளி வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், தன் பலகையைத் தானே திருப்ப முடியாத பிள்ளையை முகாமுக்கு அனுப்புகிறோம் என்று பொருள். இங்குள்ள கடைகள் குளிர்காலம் முழுவதற்கும் ஒரே தொகையில் வாடகைக்குக் கொடுக்கின்றன. அதை எடுத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

நான் அந்த 28.5ஐ எண்பது பிராங்குக்கு விற்றேன். வாங்கியவருக்குப் பாதம் பெரிது என்பதை அளந்து உறுதிப்படுத்திய பிறகே கொடுத்தேன்.

கீழிருந்து மேலாகப் பூட்டுவது

கண்ணுக்கு முதலில் படுவது விரல்பக்கக் கொளுக்கி என்பதால் எல்லோரும் அதிலிருந்து தொடங்குகிறார்கள். குதிகால் இன்னும் தன் இடத்துக்குப் போகாத நிலையில் முன்பாதத்தைப் பூட்டினால், கால் அந்த இடத்திலேயே சிறைப்பட்டுவிடும். சப்பாத்துக்குள் காலை விட்டதும் குதியால் நிலத்தை இரண்டு மூன்று தரம் தட்டி, முழங்காலை முன்னுக்கு மடித்து, கணுக்காலுக்கு மேலுள்ள கொளுக்கிகளை முதலில் பூட்ட வேண்டும். அவைதாம் குதிகாலைப் பின்னால் தள்ளிப் பிடிப்பவை. விரல்பக்கக் கொளுக்கிகளுக்கு ஓட்டின் இரு விளிம்புகளையும் சேர்த்து மூடும் அளவு இறுக்கம் போதும். ஒரு பல் கூடினால் வலி, ஒரு பல் குறைந்தால் தளர்வு என்ற நிலை வந்தால், கொளுக்கியின் கம்பியைக் கையால் திருகிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அது திருகாணிபோல் சுழன்று நீளத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும். இரண்டு மூன்று இறக்கங்களுக்குப் பிறகு உள்ளுறை சூடேறி இளகுவதால், மீண்டும் ஒரு தரம் பூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு காலுறை

மெல்லியதாக ஒன்று போதும். உள்ளே போடும் கீழ்க் காற்சட்டையின் நுனியும் சப்பாத்துக்குள் போகக் கூடாது.

மேற்பட்டியை அலங்காரமாக விடுவது

உச்சியில் உள்ள அகலமான பட்டியைச் சும்மா ஒட்டி வைப்பவர்களே அதிகம். கணைக்காலுக்கும் நாக்குக்கும் இடைவெளி விழாமல் காப்பது அதுதான். அதை நான் ஐந்தாவது கொளுக்கியாகவே கருதுகிறேன்.

ஓரிடத்து வலிக்காக அளவைக் கூட்டுவது

சின்னவிரல் மூட்டிலோ கணுக்கால் எலும்பிலோ மட்டும் வலித்தால், நீளத்தைக் கூட்டுவதால் அந்த வலி போகாது. புதிதாக நான்கு வலிகள் சேரும். அனுபவமுள்ள பொருத்துநர் அந்த இடத்தில் மட்டும் ஓட்டைச் சூடாக்கிச் சில மில்லிமீற்றர் வெளியே தள்ளிக் கொடுப்பார். பாதம் முழுவதும் பக்கவாட்டில் நசுங்கினால் அகலமான அச்சுள்ள மாதிரியைக் கேளுங்கள். முன்பாதத்தின் அகலம் 98 மில்லிமீற்றரிலிருந்து 100ஐத் தாண்டியும் பல அளவுகளில் கிடைக்கிறது. உள்ளங்கால் வளைவு தாழ்ந்து பாதம் நீள்பவர்களுக்கு, அளவெடுத்துச் செய்த உள்தகடு ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணுக்கால் பக்கத் திருகாணி

கணைக்காலைச் சுற்றியுள்ள மேல்தண்டின் சாய்வை உங்கள் காலின் வளைவுக்கு ஏற்ப அமைப்பதற்காக உள்ளது. சும்மா இருக்கிறதே என்று திருகாதீர்கள்.

புரொக்கியில் கிடைத்த பழைய சப்பாத்து

பழைய பொருள் கடையில் இருபது பிராங்குக்குக் கிடைக்கும் சப்பாத்து பளபளப்பாக இருக்கலாம். ஆயினும் பாவிக்காமல் பல ஆண்டுகள் கிடந்த ஓட்டின் பிளாஸ்ரிக் முதிர்ந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. சரிவின் நடுவே ஒருவருடைய சப்பாத்தின் குதிப்பகுதி துண்டாகக் கழன்று போனதை நேரில் கண்டிருக்கிறேன்.

சப்பாத்தை மாற்றிவிட்டு பைண்டிங்கை மறப்பது

ஓட்டின் அடிப்பகுதியில், பெரும்பாலும் குதிப்பக்கத்தில், 305 அல்லது 315 போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது மில்லிமீற்றரில் ஓட்டின் அடி நீளம். பலகையில் சப்பாத்தைப் பிடித்து வைத்திருந்து, விழும்போது விடுவிக்கும் பைண்டிங் அந்த நீளத்துக்கும், உங்கள் எடை, உயரம், வயது, திறன் ஆகியவற்றுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. அடியின் வகையும் பொருந்த வேண்டும். நடப்பதற்கு இலகுவாக வளைத்துச் செய்த கிரிப்வோக் அடியைப் பழைய பைண்டிங்குகள் எல்லாம் ஏற்பதில்லை. வேறு சப்பாத்து வாங்கினாலோ, அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுத்தாலோ, பலகையையும் சப்பாத்தையும் சேர்த்துக் கடைக்குக் கொண்டுபோய் மீண்டும் அமைத்து வாங்க வேண்டும். திருப்புளி வீட்டில் இருக்கிறது என்பதற்காக இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தத் தகப்பனார் மகனுக்கு இரண்டு ஓடு சிறிய சப்பாத்தை வாடகைக்கு எடுத்த அன்று மாலை, பலகைகளை மறந்து வீட்டில் விட்டு வந்திருந்தார். இரண்டாவது தரம் போய் எடுத்து வரச் சொன்னேன்.