மூவிலை ஆரஞ்சு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்வத்தைப் போல ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளும், 5 சென்டிமீட்டர் வரை நீளும் பச்சை முள்ளும் கொண்ட மூவிலை ஆரஞ்சு, சீனாவையும் கொரியாவையும் சேர்ந்த செடி. ஜப்பானில் 'கரத்தாச்சி' என்ற பெயரில் நெடுங்காலமாக உயிர்வேலியாக வளர்க்கப்படுகிறது. ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர் தாங்குவதால், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அழகுக்காகவே இதை நடுகிறார்கள். வளர்ப்பவர்களின் தவறுகள் பெரும்பாலும் இதையும் ஓர் எலுமிச்சையாக எண்ணுவதால் நேர்பவை.

எலுமிச்சை இலை கொட்டினால் கவலைப்படலாம். இதுவோ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். செடி பட்டுப்போயிற்று என்று அஞ்சித் தண்ணீரை ஊற்றி வேரை அழுகவிடுவதற்கு முன், தண்டு பசுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கவாத்து செய்யும் காலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முந்தைய கோடையில் வளர்ந்த கிளையில், முள்ளின் அடியை ஒட்டி, மிளகைவிடச் சிறிய உருண்டை மொட்டுகள் குளிர் முழுவதும் காத்திருந்து, வசந்தத்தில் இலைக்கு முன்பாகவே வெள்ளைப் பூக்களாக விரியும். குளிர்காலத்தில் வேலியை ஒழுங்காக வெட்டி நிறுத்துபவர் அந்த ஆண்டின் பூவையும் காயையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார். பூத்து ஓய்ந்ததும் கத்தரிப்பதே முறை. வெட்டிய குச்சிகளை உடனே வாரிவிட வேண்டும்; காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும். நடைபாதை ஓரமும் குழந்தைகள் விளையாடும் இடமும் இதற்கு ஏற்றவை அல்ல.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். அது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாததால் வருவது. யூரியா போட்டால் தீராது. சற்றே அமிலத்தன்மையும் நல்ல வடிகாலும் உள்ள மண்ணில், முழு வெயிலில் நடுவதே நல்லது. கோடை முடிவில் தழைச்சத்து உரம் இட்டால், முற்றாத தளிர்கள் முதல் உறைபனியிலேயே கருகும்.

விதையைக் காயவைத்துச் சேமித்தால் முளைப்பு குறையும். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு விதைக்க வேண்டும். பூக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அவசரக்காரர்கள் வளர்ந்த கன்றையே வாங்கலாம். பழத்தை நம்பி நடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்: அறுத்தால் விதையே நிறைந்திருக்கும், சாறு கசக்கும், கத்தியில் பிசின் ஒட்டும். ஆனாலும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்காமல் விடக் கூடாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இச்செடி தோட்டத்தைத் தாண்டிக் காடுகளுக்குள்ளும் முட்புதராகப் பரவியிருக்கிறது.