கரப்பான் குடியேறிவிட்டதா என்று தொடக்கத்திலேயே கண்டறிவது எப்படி?

குளியலறைச் சாக்கடை வழியாக ஏறி வரும் பெரிய செங்கரப்பானைக் கண்டு அலறுகிறவர்கள், மிக்சிக்கு அடியில் ஓடும் அரையங்குலப் பூச்சியைக் ‘குட்டிப் பாச்சைதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கே. 3.5 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள அமெரிக்கக் கரப்பான் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயிலிருந்து வழிதவறி வருவது. ஜெர்மானியக் கரப்பான் எனப்படும் சிறியதோ வீட்டுக்குள்ளேயே பிறந்து பெருகுவது. தலையை மூடிய கவசத்தில் இரண்டு கருங்கோடுகள் இணையாக ஓடினால் அது ஜெர்மானியக் கரப்பான்.

கரப்பானுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டை, குஞ்சு, முழுப்பூச்சி என்று மூன்றே நிலைகள். ஜெர்மானியப் பெண்பூச்சி, 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டைப் பொரியும் தறுவாய் வரை, ஏறத்தாழ நான்கு வாரம், வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரிகிறது. வெளிவரும் குஞ்சுகள் ஆறேழு முறை தோலுரித்து, வெப்பமான சமையலறையில் இரண்டு மாத அளவில் முழுப்பூச்சிகளாகிவிடுகின்றன. அமெரிக்கக் கரப்பான் சுமார் 15 முட்டைகள் கொண்ட கூட்டை ஓரிரு நாளில் மறைவான இடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு வளர்ந்து முடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். (வெள்ளைக் கரப்பான் என்று வியக்கப்படுவது, அப்போதுதான் தோலுரித்த பூச்சி, சில மணி நேரத்தில் அது நிறம் மாறிவிடும்.)

தேடுவதற்கு டார்ச்சும் பழைய விசிட்டிங் கார்டும் போதும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பிரிட்ஜ் மோட்டாரின் சுற்றுப்புறம், கேஸ் அடுப்பின் அடிப்பாகம், அலமாரிக் கீல்கள், அட்டைப்பெட்டி மடிப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கார்டை இடுக்கில் செருகி இழுத்தால் மிளகுத்தூள் போன்ற எச்சமும், கண்ணாடித்தாள் போன்ற உரித்த தோலும், வெளிர்பழுப்பு முட்டைக்கூடும் வெளிவரும். எங்கள் வீட்டில் முதல் தடயம் கிடைத்தது சமையலறைச் சுவர்க்கடிகாரத்தின் பின்புறம், பேட்டரி செருகும் இடத்தில். பெரிய கரப்பானின் எச்சத்தை எலிப்புழுக்கை என்று மயங்குவது உண்டு. எலியினது முனை கூராக இருக்கும், கரப்பானுடையது மழுங்கியிருக்கும்.

பல அளவுகளில் குஞ்சுகள் தென்பட்டால் இனப்பெருக்கம் சில காலமாகவே நடக்கிறது என்று பொருள். பகலிலேயே பூச்சி நடமாடுவதும், அலமாரியைத் திறந்ததும் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிப்பதும், மறைவிடங்களில் நெரிசல் மிகுந்துவிட்டதன் அறிகுறிகள்.

கரப்பான் விளிம்பை ஒட்டியே ஓடும் என்பதால், பசை தடவிய பொறி அட்டைகள் நான்கைந்தைச் சுவரைத் தொடுமாறு வைத்து மூன்று இரவுகள் விட வேண்டும். குஞ்சுகள் உறைவிடத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே அவை அதிகமாகச் சிக்கிய அட்டைக்கு அருகிலுள்ள இடுக்குகளில்தான், கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்தைச் சிறு புள்ளிகளாக வைக்க வேண்டும். அதன் மேல் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்த ஜெல்லைத் தொடாது. பாச்சை உருண்டை மூடிய பெட்டிக்குள் பயன்படலாம். திறந்த சிங்க்கில் போடுவது வீண். சுமந்து திரிந்த கூடுகள் இடையில் பொரிந்திருக்கக்கூடும் என்பதால், ஒரு மாதம் கழித்து அதே இடங்களில் புதிய அட்டைகளை வைத்துப் பார்க்க வேண்டும்.