தன்னை அடக்கப் பழகுதல்: வன்னியில் ஒரு நாளாந்த ஒழுங்கு

இந்தப் பழக்கத்தைத் தொடங்க வன்னியில் நல்ல மாதம் மார்கழி. காலபோக (மாரிப்போக) நெல் விதைப்பு முடிந்து பயிர் நிற்கும். அறுவடை மெசின் வயலில் இறங்கத் தை, மாசி ஆகும். திருவெம்பாவைப் பத்து நாளும் கோயில் ஒலிபெருக்கியே விடியமுன்னம் எழுப்பிவிடும். திருவிழா முடிந்த சூட்டோடு "இனி ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தியானம்" என்று தொடங்குபவர்கள்தான் அதிகம். அது முதல் அறுவடைக் கிழமையைத் தாண்டாது. வருடத்திலேயே மோசமான நாளை மனதில் வைத்து அளவைத் தீர்மானியுங்கள். இரவு முழுக்க வயலில் நின்று வந்த உடம்பாலும் செய்யக்கூடியது எதுவோ, அதுதான் உங்கள் அளவு. பத்து நிமிடம் போதும்.

எதை அடக்குகிறோம் என்பது முதலில் தெளிய வேண்டும். உயிரைக் கட்டியிருப்பவை ஆணவம், கன்மம், மாயை என மூன்று மலங்கள் (அழுக்குகள்) என்கிறது சைவ சித்தாந்தம். மூலமலம் ஆணவம். புலனடக்கம் அதன் பிடியைத் தளர்த்தும் வேலை. "நான் மச்சம் சாப்பிடுவதை விட்டுவிட்டேன், அவன் இன்னும் விடவில்லை" என்று பேச்சு வந்தால் ஆணவம் பின்கதவால் வந்து குந்திவிட்டது என்று அர்த்தம்.

யோகத்தின் முதற்படியான ஒழுக்கங்களை இயமம் என்பார்கள். யோகசூத்திரம் தந்த பதஞ்சலி இயமம் ஐந்து சொன்னார். திருமந்திரம் பாடிய திருமூலர் பத்து சொல்கிறார்: கொல்லாமை, பொய்யாமை, களவின்மை எனப் போகும் அந்த வரிசையில் அடக்கமும், நடுநிலையும், பகுத்துண்ணலும் இருக்கின்றன. ஆசனத்துக்கும் மூச்சுக்கும் முன்னால் பகிர்ந்து சாப்பிடுவதை வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பத்தையும் ஒரேயடியாகப் பிடிக்கப் போகாதீர்கள். நாக்கில் தொடங்குங்கள். சாப்பிடுவதும் பேசுவதும் அதுதான் என்பதால் ஒன்றைப் பிடித்தால் இரண்டு வசப்படும்.

காலைப் பத்து நிமிடம்

பிரம்ம முகூர்த்தம் சூரியோதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் நிற்கும். ஆறு மணிக்கு விடிந்தால் 4.24 இலிருந்து 5.12 வரை. இரவுத் தண்ணி கட்டப் போனவர் அதற்கு எழும்பத் தேவையில்லை. தூக்கம் கெட்டால் மற்ற எல்லாம் கெடும். யோகம் அதிகம் தூங்குபவனுக்கும் இல்லை, தூங்காமல் விழித்திருப்பவனுக்கும் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயமே சொல்லிவிட்டது. எத்தனை மணிக்கு எழும்பினாலும், கைபேசியைத் தொடுமுன் இதை முடியுங்கள். இரவில் அதைக் குசினியில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால் பாதிச் சண்டை குறையும்.

முகம் கழுவி, கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து, திருநீற்றை நிலத்தில் சிந்தாமல் நடு மூன்று விரலால் பூசுங்கள். பாயை இரண்டாய் மடித்து அதன்மேல் இருங்கள். முழங்கால் நோகிறவர் கதிரையில் இருக்கலாம். முதுகு நேராக இருந்தால் சரி. மழைக்காலத்தில் நுளம்பு வலைக்குள்ளேயே இருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் மூச்சு. திருமந்திரத்தில் பிராணாயாமக் கணக்கு 16, 64, 32: பதினாறு மாத்திரை (எண்ணும் கால அளவு) இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டில் விடுவது. அதைப் படித்த அன்றே 64 எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். தலை சுற்றும், நெஞ்சு அடைக்கும், அடுத்த நாள் "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுவார்கள். நிறுத்துவதை விட்டுவிடுங்கள், இழுப்பதற்கு இரு மடங்காக விடுவது என்ற விகிதத்தை மட்டும் எடுங்கள். 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடுங்கள், பன்னிரண்டு தரம். இரண்டரை நிமிடம் ஆகும். ஒரு மாதம் இலகுவாகப் போனபின் 6க்கு 12. மூச்சை நிறுத்தும் கும்பகத்தை, அது தெரிந்த ஆசானிடம் நேரில் மட்டும் பழகுங்கள். பிரஷர், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதற்குப் போகவே வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணித்தியாலமாவது கழியட்டும்.

அடுத்து ஐந்தெழுத்து (நமசிவாய), 108 உரு, அதாவது 108 தரம். அவசரப்படாமல் சொன்னால் நாலைந்து நிமிடம். மாலை வலது கையில். மாலையின் தலைமணியான மேரு மணியைக் கடக்காமல் திருப்பிப் பிடியுங்கள். நித்திரை தூங்குகிறவர் வாய்விட்டுச் சொல்லட்டும், மனதுக்குள் சொல்வது பிறகு வரும். மிச்சம் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். மனம் உரக்காசுக் கடனுக்கு ஓடும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் அப்பியாசம். ஓடாமல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009 வரை இங்கே நடந்தவற்றைக் கண்ட பலருக்குக் கண்ணை மூடினால் அமைதி வராது, வேறு காட்சிகள் வரும். அதைப் பக்திக் குறைவு என்று நினைத்து வலிந்து மூடிக்கொண்டிருக்காதீர்கள், அந்தக் காட்சிகள் இன்னும் கூடிவிடும். கண்ணைத் திறந்து விளக்குச் சுடரைப் பாருங்கள், அல்லது சிவபுராணத்தைச் சத்தமாகப் படியுங்கள்; 95 அடி, பத்து நிமிடத்துக்குள் முடியும். வளவு கூட்டுவதும், கோயில் வீதியில் புல்லுச் செருக்குவதும் சரியைதான், ஞானத்துக்குப் போகும் நாலு படியில் முதற்படி. தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்புவது, நடுக்கம் என்று தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மருந்தும் செபமும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

சாப்பாடு

வயிற்றில் அரைப்பங்கு அன்னம், கால் பங்கு தண்ணீர், கால் பங்கு வெறுமை. மிதாகாரம் என்ற அளவுச் சாப்பாட்டுக்கு இதுதான் பழைய கணக்கு. நடைமுறையில், இரண்டாம் முறை சோறு போடுமுன் கையை வைத்து ஒரு நிமிடம் இருங்கள். பசி இருந்தால் போடுங்கள், கறி ருசி இழுத்தால் நிறுத்துங்கள். விரதத்தில் பிழை விடுவது வேறு இடத்தில். கந்தசஷ்டி ஐப்பசியில், விதைப்புக் காலத்தில் வரும். தண்ணீரும் குடியாமல் வயலில் நிற்பது தவம் ஆகாது; ஒருநேரச் சாப்பாடோடு பிடியுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர் டொக்டரைக் கேளாமல் பட்டினி கிடக்கவே கூடாது. பகல் முழுக்க உபவாசம் இருந்து விறாந்தையில் ஊர்க்கதை பேசினால் அடங்கியது வயிறு மட்டும்.

வாய்க்காலில்

உண்மையான பரீட்சை சிறுபோகத்தில் (வெயில்காலப் போகத்தில்), தண்ணி முறையில். உங்கள் முறை இரவு ஒரு மணிக்கு. போனால் வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. டோர்ச் அடித்து மேலே நடந்தால், யாரோ வாழைத்தண்டும் சேறும் வைத்துத் தன் வயலுக்குத் திருப்பியிருக்கிறார்.

கோபம் எப்படி ஏறுகிறது என்பதற்குக் கீதை இரண்டாம் அத்தியாயம் ஒரு வரிசை தருகிறது: நினைத்துக்கொண்டே இருத்தல், பற்று, ஆசை, கோபம், மயக்கம், நினைவு தடுமாறல், புத்தி அழிதல். கோபம் நாலாவது. அங்கே நின்று பிடிக்கப் பார்ப்பவர் தோற்பார். வெட்ட வேண்டியது முதலாவதை. அதாவது வாய்க்கால் கரையில் நடக்கும்போதே "போன முறையும் இவன்தான்" என்று ஓடத் தொடங்கும் நினைப்பை.

செய்ய வேண்டியது இது. மண்வெட்டியை நிலத்தில் வையுங்கள். கையில் ஆயுதமாகக்கூடியது இருக்கும்போது பேச வேண்டாம். 4க்கு 8 மூச்சு மூன்று தரம். அடைப்பை எடுத்து உங்கள் முறையை எடுங்கள். ஆள் நின்றால் "அண்ணை, இப்ப எங்கட முறை" என்ற ஒரு வசனம், அன்றைய தண்ணியைப் பற்றி மட்டும். பழைய கணக்கு, சாதி, தாய் தகப்பன் எதுவும் வரக்கூடாது. மிச்சத்தைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பகலில் சொல்லுங்கள். அடக்கம் என்று சொல்லித் தண்ணியை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பயிர் காய்ந்தால் வீட்டில் பட்டினி. ஐம்பொறியையும் ஆமைபோல் அடக்கச் சொல்கிறது 126ஆவது குறள்; அந்த ஆமையும் தேவையானபோது தலையை வெளியே நீட்டுமே.

இரவில்

படுக்குமுன் மூன்று கேள்வி: இன்று எங்கே நாக்குத் தவறியது, யாருக்குப் பகிர்ந்தேன், எதைக் கிடைத்தது என்று துள்ளினேன் அல்லது போனது என்று உடைந்தேன். மூன்றாவதுதான் கடினம். இருவினையொப்பு என்று சித்தாந்தம் சொல்வது நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே நிலையில் ஏற்பது. மாசி மழையில் கதிர் விழுந்த வருடம் அது ஒரேயடியாக வராது. நெல் விலை ஏறிய நாளில் பழகிப் பாருங்கள், அந்தப் பக்கம் இலகு.

நாள் விடுபட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், பழைய பத்து நிமிடமே போதும். வெளிச்சம் தெரிந்தது, மணிச் சத்தம் கேட்டது என்பவற்றை முன்னேற்றமாக எண்ணாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள், முன்னைவிடக் குறைவாகச் சத்தம் போடுகிறீர்களா என்று.

ஒரு வருடம் நிலைத்தால் குருவிடம் பெறும் சமய தீட்சை பற்றி யோசிக்கலாம். எடுத்தால் புலால், மது இரண்டும் விட வேண்டும். நாள்தோறும் அனுட்டானம் (வழிபாட்டு ஒழுங்கு) கட்டாயம். மீனை விட மனமில்லாதவர் அவசரப்பட்டு எடுத்துவிட்டு மறைத்துச் சாப்பிடுவதைவிட, எடுக்காமல் இந்தப் பத்து நிமிடத்தைத் தொடரட்டும்.