நெல் பட்டியலைக் கெடுத்த ஒரு வரி

திருவையாற்றில் சித்தப்பா வைத்திருக்கும் பாரம்பரிய விதைநெல்லுக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை என்று பட்டியல். என் கணினியில் அழகாகத் தெரிந்தது, சர்வரில் ஏற்றியதும் அவரிடமிருந்து போன்: "தம்பி, ஒரு எழுத்துகூட தமிழா இல்லையேப்பா!"

முதலில் எழுத்துரு இல்லையோ என்று தேடி ஒரு மாலையே போய்விட்டது. எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் வரும். இங்கே வந்ததோ தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், திரும்பத் திரும்ப. அப்போதுதான் பிடிபட்டது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ந, எகரக் கொம்பு, ல, புள்ளி என்று 'நெல்'லுக்கு 12 பைட். பிரவுசர் அதை மேற்கத்திய மொழிகளுக்கான பழைய முறையான விண்டோஸ்-1252 என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்திருக்கிறது. கணினியிலேயே இருக்கும் கோப்பென்றால் குரோமும் பயர்பாக்ஸும் அது யுடிஎஃப்-8 என்று தாமாக ஊகித்துக்கொள்ளும், இணையத்திலிருந்து வந்தால் அப்படி ஊகிப்பதில்லை.

பக்கத்தின் நிரலில் ஹெட் என்ற தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே, எந்த முறை என்று பிரவுசருக்குச் சொல்லும், நான் விட்டுவிட்டிருந்த மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்ற வரியைச் சேர்த்தேன்; அது முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அது முக்கியம். அப்புறம் பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய நகலை, அதாவது கேஷை, அழித்துத் திறக்கச் சொன்னேன். சித்தப்பா போனிலேயே பூங்காரிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.