செம்மறிக்குத் தீனி காணுமா காணாதா? தராசும் போன் கல்குலேட்டரும் வச்சு நீங்களே பாக்கலாம்

போன ஆடியில துணுக்காய்ப் பக்கம் எட்டு கலப்புச் செம்மறிக் கிடாய் வாங்கினனான், ஒண்டு சராசரி 25 கிலோ. பட்டியில வச்சு புல்லு வெட்டிப் போட்டு இறைச்சிக்கு வளக்கிறதுதான் எண்ணம். ஒண்டுக்கு ஒரு நாளைக்கு மூண்டு கிலோ சீஓ 3 புல்லு (கலப்பு நேப்பியர் இனம்), ஒரு நாளும் தவறவிடேல்ல. ஆறு கிழமை கழிச்சு நிறுத்தா ஒண்டும் ஏறேல்ல, ரெண்டு கிடாய் குறைஞ்சும் போச்சு. பூச்சி மருந்து குடுத்தது, கழிச்சல் இல்லை, சளி இல்லை. பிழை எங்க எண்டு பிடிக்க எனக்கு இன்னும் ஒரு மாசம் போனது, அதால இதை விபரமா எழுதுறன், தொடங்கிற ஆக்களுக்கு உதவும்.

1. முதல்ல நிறை

50 கிலோ தொங்கல் டிஜிட்டல் தராசு ஒண்டு வாங்குங்கோ. உரப்பையில நாலு கால் போற ஓட்டை வெட்டி, ரெண்டு பக்கமும் கயிறு போட்டு, வேப்பங்கொப்பில தொங்கவிட்டா காணும். நெஞ்சுச் சுற்றளவை நாடாவால அளந்து நிறை கணிக்கிற முறையும் இருக்கு (சுற்றளவை அதாலயே பெருக்கி, உடம்பின்ர நீளத்தாலயும் பெருக்கி, 10,800 ஆல பிரிக்கிறது, எல்லாம் சென்ரிமீற்றரில), ஆனா செம்மறிக்கு மயிர் அடர்த்தியா கிடக்கிறதால நாடா ஒவ்வொருக்கா ஒவ்வொரு அளவு காட்டும், எனக்கு அதில நம்பிக்கை இல்லை.

நிறுக்கிறது எப்பவும் காலமை, தீனி போட முதல். வயித்துக்க கிடக்கிற தீனியும் தண்ணியுமே உடம்பு நிறையில பத்தில ஒரு பங்குக்கு மேல வரும், பின்னேரம் நிறுத்துப்போட்டு ரெண்டு கிலோ ஏறீற்று எண்டு சந்தோசப்படக்கூடாது.

2. எவ்வளவு சக்தி வேணும்

பெரிய மிருகத்துக்கு ஒரு கிலோ உடம்புக்கு வேணுமான சக்தி சின்னதை விடக் குறைவு, அதால நேரா நிறையால பெருக்கேலாது, நிறையின்ர 0.75 ஆம் அடுக்கு எடுக்கோணும். பயப்பிடாதேங்கோ. நிறையை மூண்டு தரம் பெருக்கி, வர்க்கமூலம் பொத்தானை ரெண்டு தரம் அமத்துங்கோ. 25 × 25 × 25 = 15,625, முதல் அமத்தல் 125, ரெண்டாவது 11.2. அதை 0.42 ஆல பெருக்கினா 4.7 மெகாயூல் (தீனிச் சக்தியை அளக்கிற அலகு). உடம்பு ஏறாமல் குறையாமல் அப்பிடியே நிக்க ஒரு நாளைக்கு அவ்வளவு வேணும்.

அதுக்கு மேல ஒரு நாளைக்கு 100 கிராம் ஏத்தோணும் எண்டா ஏறத்தாள 3 மெகாயூல் கூட வேணும், மொத்தம் 7.7. இது பட்டியில நிக்கிறதுக்கு. ஆவணி வெயிலுக்க காஞ்ச குளத்து வெளியெல்லாம் நடந்து மேயிற ஆட்டுக்கு 4.7க்கு மேல கால்வாசியில இருந்து அரைவாசி வரை கூட்டிப் பிடியுங்கோ. சினை மறிக்கு கடைசி ஆறு கிழமையும் தனிக்கணக்கு, வயித்துக் குட்டி கூடுதலா வளருறது அப்பதான், இரட்டைக்குட்டி எண்டா தேவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்.

3. புல்லில தண்ணியைக் கழிக்கிறது

நான் விழுந்த இடம் இதுதான், ஆறுதலா வாசியுங்கோ.

தீனியின்ர சக்தி எல்லாம் உலர் நிறைக்குத்தான் சொல்லுறது. தண்ணியில சக்தி இல்லை. பக்கத்து வளவு அண்ணை வந்து பாத்திட்டு "தம்பி, நீ ஆட்டுக்குப் போடுறது பச்சைத் தண்ணியடா" எண்டவர், எனக்கு அப்ப விளங்கேல்ல. பிறகுதான் காய வச்சுப் பாத்தனான்.

நாலைஞ்சு இடத்தில வெட்டின புல்லை ஒரு விரல் அளவா நறுக்கி, நல்லாக் கலந்து, சமையல் தராசில சரியா 100 கிராம் எடுங்கோ. மைக்ரோவேவ் இருந்தா உள்ளுக்க ஒரு கிளாஸ் தண்ணியும் வச்சு (இல்லாட்டி புல்லு எரிஞ்சுபோகும்) ரெண்டு நிமிசம், எடுத்து நிறு, பிரட்டு, திரும்ப ஒரு நிமிசம், நிறை குறையிறது நிக்கும் வரைக்கும். எங்கட வீட்டில மைக்ரோவேவ் இல்லை, நான் குடுத்தது பேக்கரிப் போறணையில, பாண் எடுத்து முடிஞ்ச பிறகு இருக்கிற சூட்டில தட்டில பரப்பி இரவு முழுக்க. காலமை எடுக்கேக்க கையில பொடிஞ்சுது, தேயிலை மாதிரி. நிறுத்தா 18 கிராம். 100 கிராமில 82 தண்ணி! தகரத்தில போட்டு வெயிலில காய விடலாம், ஆனா அதில இன்னும் பத்தில ஒரு பங்கு ஈரம் நிக்கும், வாற நிறையை 0.9 ஆல பெருக்குங்கோ.

இப்ப என்ர கணக்கைப் பாருங்கோ. 3 கிலோ பச்சைப் புல்லு எண்டா 540 கிராம் உலர் நிறை. கிலோவுக்கு 8 மெகாயூல் எண்டு வச்சா 4.3. தேவை 4.7. ஆறு கிழமை நான் அதுகளைப் பட்டினி போட்டிருக்கிறன், மூண்டு கிலோப் புல்லுக்கட்டு பாக்க மட்டும் பெரிசா இருந்தது.

4. தீனியின்ர பெறுமதி

ஒரு கிலோ உலர் நிறைக்கு எத்தினை மெகாயூல் எண்டு, ஏறத்தாள: வைக்கோல் 6, முத்தின புல்லு 7, ஆறு கிழமைக்குள்ள வெட்டின சீஓ 3 8, கிளிசரிடியாக் குழை 9.5, உமி இல்லாத தவிடு 11. தவிட்டை உள்ளங்கையில வச்சுத் தேயுங்கோ, குத்தினா உமி கலந்திருக்கு, அதுக்கு 11 போடாதேங்கோ.

சக்தி மட்டும் பாத்தாலும் பிழைக்கும். தீனியில புரதம் 7 வீதத்துக்குக் கீழ போனா வயித்து நுண்ணுயிர் சோர்ந்துபோய் ஆடு தின்னுறதையே குறைக்கும். வைக்கோலில 4 வீதம்தான். கிளிசரிடியாவில 20க்கு மேல. வேலியில சும்மா நிக்கிற மரம், கோடையில வேற எதை நம்பிறது? முதல்நாள் மணத்துக்கு மூஞ்சையைத் திருப்பும், வெட்டி அரைநாள் வாட விட்டுப் போடுங்கோ, நாலைஞ்சு நாளில பழகீடும். ஈப்பில் ஈப்பில் (சூபாபுல்) குழை எண்டா மூண்டில ஒரு பங்குக்கு மேல வேண்டாம், மயிர் கொட்டும்.

நான் இப்ப போடுறது: சீஓ 3 இரண்டரைக் கிலோ (உலர் 450 கிராம், 3.6 மெகாயூல்), கிளிசரிடியா இலை ஒரு கிலோ (250 கிராம், 2.4), தவிடு 200 கிராம் (180 கிராம், 2.0). மொத்தம் 8. உலர் நிறை 880 கிராம், உடம்பில 3.5 வீதம், தின்னக்கூடிய அளவுதான். தவிட்டை ஒரேயடியா கூட்டாமல் பத்து நாளில கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கோ. கோழித்தீனி, பண்டித்தீனி மிஞ்சிக் கிடக்கு எண்டு செம்மறிக்கு வைக்காதேங்கோ, அதில செம்பு கூட, செம்மறிக்கு அது நஞ்சு.

பிறகு சேர்த்தது

கணக்குச் சரி, ஆனா நிறை ஏறேல்ல எண்டு மூண்டு பேர் எழுதியிருந்தவை. விசாரிச்சா எல்லாரும் போட்டதை நிறுத்திருக்கினம், மிஞ்சினதை நிறுக்கேல்ல. செம்மறி இலையைத் தெரிஞ்சு தின்னும், தண்டு அப்பிடியே கிடக்கும். காலமை தொட்டிலுக்க கிடக்கிறதைக் கூட்டி அள்ளி நிறுத்து, அதையும் 100 கிராம் காய வச்சு, போட்டதின்ர உலர் நிறையில இருந்து கழியுங்கோ. தண்டு காஞ்சு கிடக்கிறதால அதில தண்ணி குறைவு, பச்சைப் புல்லுக்குப் போட்ட 18 வீதத்தை அதுக்குப் போட்டா திரும்பவும் பிழைக்கும். பத்தில ஒரு பங்கு மிஞ்சிறது நல்லது, ஒண்டுமே மிஞ்சேல்ல எண்டா தீனி காணாது.

மாரி தொடங்கீற்று, இப்ப வெட்டுற புல்லில தண்ணி இன்னும் கூட. போன கிழமை என்ர 100 கிராம் காஞ்சு 14க்கு வந்தது. கோடையில எடுத்த கணக்கை வச்சிருக்கிற ஆக்கள் திரும்ப ஒருக்கா காய வச்சுப் பாருங்கோ.