பேச்சற்றுப்போன குடும்பத்தின் படக்கதை: இருமனதாக இருக்கும்போது மதிப்புரை எழுதும் முறை

உறவு முறிந்த குடும்பத்தைப் பற்றிய கிராஃபிக் நாவலை, அதாவது படங்களால் கதை சொல்லும் நாவலை, படித்து முடித்தபின் மனம் நிறைவும் எரிச்சலுமாக இருந்தால், அந்த எரிச்சல் நூலின்மீதா, கதையில் வரும் மனிதர்கள்மீதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ இதற்குத் தக்க சான்று. நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட தந்தையிடம் மகனான ஆசிரியரே கதை கேட்கும் அந்த நூலின் முதற்பாகம் (1986), தற்கொலை செய்துகொண்ட தாயின் நாட்குறிப்புகளைத் தந்தை எரித்துவிட்டதை அறிந்த மகன் அவரைக் கொலைகாரர் என்று ஏசுவதோடு முடிகிறது. மகன்மீது நமக்குக் கோபம் வரலாம்; ஆனால் அது நூலின் குறை ஆகாது. தன்னையே அவ்வளவு கடுமையாக வரைந்துகொள்ள ஆசிரியர் துணிந்திருக்கிறார் என்பதே அங்கு எழுத வேண்டிய செய்தி. மாறாக, பிரிவுக்கான காரணத்தை ஒரு நூல் சொல்லவும் இல்லை, உணர்த்தவும் இல்லை என்றால் அது குறைதான், தயங்காமல் எழுதலாம்.

இரண்டாம் வாசிப்பில் பேச்சுக் குமிழ்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். யார் முதுகு காட்டி நிற்கிறார், உணவு மேசையில் யாருக்கும் யாருக்கும் இடையே இடம் விடப்பட்டிருக்கிறது, ஒரு படக்கட்டத்துக்கும் அடுத்த படக்கட்டத்துக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாம்பலத்தில் ஒரே தெருவில் இருந்துகொண்டு போக்குவரத்து இல்லாமல் போன அண்ணன் தம்பி வீடுகளை அறிந்தவர்களுக்கு, பிரிவு பெரும்பாலும் ஒரு சண்டையில் நிகழ்வதில்லை என்பதும், கல்யாணப் பத்திரிகையில் விடுபட்ட ஒரு பெயரில்தான் அது ஊருக்குத் தெரியவருகிறது என்பதும் தெரியும். நல்ல ஓவியர் அந்தப் பத்திரிகையை வரைந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இவ்வகை நூல்கள் சறுக்கும் இடம், என் பார்வையில், முகத்தில் தெரியும் துயரத்தையே கட்டத்தின் மேல் விளக்கவுரையாகவும் எழுதிவிடுவதுதான்.

குறை சொல்லும்போது இடத்தைக் காட்டுங்கள். பக்க எண் அச்சிடப்படாத நூலாக இருந்தால் அத்தியாயத்தையும் காட்சியையும் சுட்டினால் போதும். விலை அதிகம் என்பதால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் அமர்ந்து படிப்பவர்கள் அப்போதே குறிப்பெடுத்துவிடுவது நல்லது. நினைவிலிருந்து எழுதினால் படம் மறைந்து கதைச்சுருக்கம் மட்டுமே மிஞ்சும்.

கடைசிப் பக்கத்தில் தந்தையும் மகளும் சேரவில்லை என்பதற்காக மதிப்பைக் குறைக்காதீர்கள். (நம் திரைப்படங்கள் ஊட்டிய எதிர்பார்ப்பு அது.) அவர்கள் சேர்ந்துவிட்டால்தான், அதற்கான வழியை முந்தைய பக்கங்கள் அமைத்திருக்கின்றனவா என்று கூடுதலாகச் சோதிக்க வேண்டும், அமைக்கவில்லை என்றால், ஓவியத்தைப் பாராட்டிய அதே பத்தியிலேயே அதையும் எழுதிவிடலாம்.