வீட்டுப் பட்டறையில் ஒரு சிறு புத்தக அலமாரி

மரக்கடையில் கிடைக்கும் பலகைக்கு ஏற்ப அலமாரியை வரைவதே பலருடைய வழக்கம். அடுக்கப்போகும் புத்தகங்களை அளந்துவிட்டு வரையத் தொடங்குவதே சரியான முறை. தமிழில் இன்று வெளிவரும் நூல்களில் மிகப் பல டெமி அளவிலானவை. அவற்றின் உயரம் ஏறத்தாழ 8.5 அங்குலம், அகலம் 5.5 அங்குலம். கிரவுன் அளவுப் புத்தகங்களின் உயரம் 7 அங்குலத்தை ஒட்டியிருக்கும். ஏ4 அளவுள்ள மலர்களும் கோப்புகளும் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவானவை. ஆகவே கீழ்த்தட்டுக்கு 12.5, நடுத்தட்டுக்கு 9.5, மேல்தட்டுக்கு 8 அங்குலம் என்று இடைவெளி விட்டால், கைவிரல் நுழைத்துப் புத்தகத்தை எடுக்க இடமிருக்கும், வீணாகும் இடமும் குறையும். ஆழத்துக்கு 7.5 அங்குலம் போதும். ஓரடி ஆழத்தில் செய்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை சேரும். பின்வரிசையில் போனதை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது தட்டின் நீளம். வடிவமைப்பில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். டெமி அளவுப் புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோ எடை வரும். சீராகப் பரவிய இந்தச் சுமையில் பலகை தொய்யும் அளவு, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது 2 அடித் தட்டை 3 அடியாக நீட்டினால், தொய்வு ஒன்றரை மடங்காக அன்றி, ஏறத்தாழ ஐந்து மடங்காகும். தடிமனைக் கூட்டினால் அதன் மூன்றாம் அடுக்கு அளவுக்குத் தொய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் மரத்தின் விலையும் எடையும் கூடவே ஏறும். முக்கால் அங்குலப் பலகைக்கு உள்நீளம் 2 அடியில் நிற்பது நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுக்க வேண்டும்.

இந்த அளவுகளின்படி 37 அங்குல உயரத்தில் இரண்டு பக்கப் பலகைகளும், 24.5 அங்குல நீளத்தில் (உச்சியை மூடும் பலகையையும் சேர்த்து) நான்கு தட்டுகளும் தேவை. தட்டின் இரு முனைகளும் பக்கப் பலகைகளுக்குள் 2 நூல் வீதம் நுழைவதால்தான் அந்த அரை அங்குலம் கூடுதல் (8 நூல் ஓர் அங்குலம், நம் தச்சர்களிடம் வேலை சொல்லவும் மரம் வாங்கவும் இந்தக் கணக்கே எளிது). மொத்தம் பதினாலரை அடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும்; என்றாலும் சேதாரத்தையும் சேர்த்து 18 அடி வாங்குங்கள். இழைப்பில் குறைவதற்கும் இடம் விட்டு, 8 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், 18 அடி நீளம் ஆகியவற்றைப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் சரியாக 1 கன அடி. மரக்கடையில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்காட்டினால் பேரம் சுருக்கமாக முடியும்.

தேக்கு என்றால் செலவு அதிகம். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் நிலைக்கதவு, உத்திரம் போன்றவற்றை விற்கும் கடைகளில் நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த கட்டைகள் கிடைக்கும். அவற்றை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்துக்கொள்ளலாம். அறுப்பதற்கு முன் உள்ளே புதைந்திருக்கும் ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிட வேண்டும். பூவரசும் வேம்பும் நல்ல மரங்களே. எந்த மரமானாலும் ஓரத்தில் வெளிர் நிறமாக இருக்கும் பகுதி கூடுதலாக உள்ள பலகையை ஒதுக்குங்கள். கரையானும் வண்டும் முதலில் நாடுவது அதைத்தான். பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனை வரை நோக்கினால் வளைவும் முறுக்கும் உடனே தெரியும். லேசான வளைவை இழைத்துச் சரிசெய்யலாம், முறுக்கைச் சரிசெய்வது கடினம். வாங்கி வந்த பலகைகளை, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, வெயில் படாத இடத்தில் இரண்டு வாரமாவது கிடக்க விட்ட பிறகு இழையுங்கள்.

இரு முகங்களையும் இழைத்து முடித்ததும் தடிமன் 6 நூலில் நிற்க வேண்டும். பிறகு ஓரங்களை நேராக்கி, மூலைமட்டம் வைத்து நீளத்துக்கு அறுக்கலாம். நான்கு தட்டுகளையும் பக்கம் பக்கமாக ஒட்டி நிறுத்திப் பாருங்கள். அவற்றில் ஒன்று அரை நூல் நீண்டிருந்தாலும் அலமாரி கோணும்.

இனி வருவது காடி, அதாவது தட்டின் முனை நுழையும் பள்ளம், வெட்டும் வேலை. தட்டைத் தாங்குவது ஆணி அன்று, காடியின் கீழ்விளிம்பு. எனவே மற்ற வேலைகளில் மிச்சப்படுத்திய நேரத்தை எல்லாம் இங்கே செலவிடலாம். இரண்டு பக்கப் பலகைகளையும் உள்முகம் மேலே தெரியும்படி, பின்விளிம்புகள் ஒட்டுமாறு பக்கம் பக்கமாகக் கிடத்தி இறுக்குங்கள். அடியிலிருந்து 3 அங்குலம்; 16 அங்குலம் 2 நூல்; 26 அங்குலம் 4 நூல்; 35 அங்குலம் 2 நூல் ஆகிய இடங்களில் இரண்டு பலகைகளுக்கும் சேர்த்து ஒரே கோடாகக் கிழியுங்கள். இவை தட்டுகளின் அடிமட்டக் கோடுகள். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கூரிய கத்தியால் கிழித்த கோட்டில்தான் உளியின் விளிம்பு போய் உட்காரும். காடியின் அகலத்தை நாடாவால் அளக்காமல், அங்கே பொருந்தப்போகும் தட்டையே கோட்டின்மேல் நிறுத்தி, அதன் மறுபுறத்தை ஒட்டிக் கத்தியால் கிழிக்க வேண்டும். இழைத்த பலகைகள் எல்லாம் ஒரே தடிமனாக இருக்கும் என்று நம்பாதீர்கள். எந்தத் தட்டு எந்தக் காடிக்கு என்று எண்ணிட்டு வையுங்கள்.

இரு கோடுகளின் உட்புறமாக, ஒரு நேர்க்கட்டையை வழிகாட்டியாக இறுக்கி, 2 நூல் ஆழத்துக்கு வாளால் அறுக்கவும். வாளின் அலகில் அந்த ஆழத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் ஆழம் மீறாது. இடையிலுள்ள மரத்தை உளியால் எடுக்கும்போது ஒரு விளிம்பிலிருந்து பாதிவரை, பிறகு மறுவிளிம்பிலிருந்து பாதிவரை என்று வாருங்கள். ஒரே போக்கில் தள்ளினால் உளி வெளியேறும் பக்கம் மரம் சிம்பாகப் பிய்ந்துவிடும். காடி வெட்டும் மின்கருவியான ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது விரைவில் முடியும். ஆனால் அதன் சத்தம் அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை நாள் பொறுக்கப்படும் என்பது வேறு விஷயம். தட்டு, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) லேசாகத் தட்டினால் இறங்கும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். பொருத்திப் பார்த்த பிறகு தட்டின் முனையில் உப்புத்தாள் போடாதீர்கள். அந்த இறுக்கம் போய்விடும்.

பசை தடவுவதற்கு முன் முழு அலமாரியையும் ஒருமுறை வெறுமனே கோத்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிரித்து, காடிகளில் பெவிகால் தடவிக் கோத்து இறுக்கலாம். நீளமான கிளாம்ப் இல்லாதவர்கள் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, இடையில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினாலே போதிய பிடி கிடைக்கும். விளிம்பில் கயிறு பதியாமல் அட்டை வைக்கவும். உடனே எதிரெதிர் மூலைகளை அளந்து, இரண்டும் சமமா என்று பாருங்கள். நீளமாக உள்ள மூலைவிட்டத்தின் திசையில் அழுத்தினால் சட்டம் சதுரத்துக்கு வரும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசை உள்ள இடத்தில் மெருகு ஏறாது. மறுநாள் வரை தொடாதீர்கள்.

முதுகுக்கு 25 அங்குலம் × 33 அங்குல அளவில் 6 மி.மீ. பிளைவுட் துண்டைப் பின்விளிம்புகளில் ஒட்டி, சிறு ஆணி அடித்துவிடலாம். இது வெறும் மறைப்பு மட்டுமன்று. அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பது இதுதான். மிஞ்சிய மரத்திலிருந்து 2.5 அங்குல அகலத்தில் 24 அங்குல நீளப் பட்டி ஒன்று அறுத்து, அடித்தட்டின் கீழே, முன்விளிம்பிலிருந்து சற்று உள்தள்ளி ஒட்டினால், கனமான புத்தகங்கள் அமரும் தட்டுக்கு வலுச்சேரும். தரைக்கும் பட்டிக்கும் அரை அங்குலம் இடைவெளி இருப்பதால் வீடு துடைக்கும் தண்ணீர் அதைத் தொடாது.

உப்புத்தாளை 80, 120, 220 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்), மர ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். தேக்குத்தூள் சிலருக்கு மூக்கையும் தோலையும் உறுத்தும் என்பதால் முகமூடி அவசியம். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய மெருகு சீக்கிரம் உலரும், பார்வைக்கும் அழகு. ஆனால் மழைக்காலத்து ஈரக்காற்றில் பூசினால் வெள்ளை பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை முடிந்தால் பாலியூரித்தேன் வகையை நாடலாம். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறியவும்.

மெருகு தொடுவதற்கு உலர்ந்திருந்தாலும் உள்ளே இளகலாகவே இருக்கும். அவசரப்பட்டு அடுக்கினால் அட்டைகள் தட்டில் ஒட்டி, எடுக்கும்போது கிழியும். ஒரு வாரம் காற்றாட விடுங்கள். பிறகு சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி, ஈரம் அண்டாமல் பார்த்துக்கொண்டு, மேல்தட்டின் அடியிலிருந்து ஓர் இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். 7.5 அங்குல ஆழமே உள்ள அலமாரி இது. தட்டுகளைப் படியாக நினைத்து ஏறும் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஒரு திருகாணியை நாளைக்குத் தள்ளக் கூடாது.